பெர்ஃபார்மன்ஸ் டயர் நம் சாலைக்கு ஒத்துவருமா?

டர்பன் தமிழர்களின் வீட்டு வாசல்களில் கோல்ஃப் ஜி.டி.ஐ., போலோ ஜி.டி.ஐ., பழைய பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் ஆகிய கார்களுக்கு உள்ள மதிப்பு இன்று நேற்று வந்ததன்று. சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு கல்யாண மண்டபத்தின் வாகன நிறுத்துமிடத்தில் சிறிது நேரம் நின்றால் போதும். 18 அங்குலம், 19 அங்குலம் என்று பெரிய மேக் (அலாய்) ரிம்களும் அவற்றைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்குச் சற்றே கூடுதலான டயர்களுமாகக் கார்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். வேகத்துக்கும் பிடிப்புக்கும் என்றே செய்யப்பட்ட பெர்ஃபார்மன்ஸ் டயர்கள் அவை. அவற்றின் சொந்தக்காரர்களிடம் டயரைப் பற்றிக் கேட்டால் ஒரே ஆளிடமிருந்து இரண்டு பதில்கள் வரும். மழையில் பிரேக் அடித்தால் கார் அப்படியே நிற்கிறது என்பது ஒன்று. குழியில் விழுந்தால் டயர் வீங்கிவிடுகிறது, வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்பது மற்றொன்று.

இரண்டுமே உண்மை. ஆனால் இந்தப் புகழும் இந்தப் புகாரும் டயரின் இரு வேறு பகுதிகளைச் சேர்ந்தவை. மழையில் நிறுத்துவது சாலையைத் தொடும் ரப்பர் கலவையின் வேலை. குழியில் வீங்குவது பக்கச் சுவர் குட்டையாக இருப்பதன் விளைவு. கடையில் இரண்டும் ஒரே பொருளாக, ஒரே விலைக்கு விற்கப்படுவதால் இரண்டையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் டயரின் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொள்வோம். ஜி.டி.ஐ. கார்களில் பரவலாகக் காணப்படும் ஓர் அளவை எடுத்துக்கொள்ளலாம்: 225/40 ஆர்18 92 ஒய். 225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 225-இல் 40 விழுக்காடு 90 மி.மீ. ஆகிறது. ஆர் என்ற எழுத்து ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 92 என்பது சுமைக் குறியீடு. இந்த டயர் ஒன்று 630 கிலோ தாங்கும் என்று பொருள். கடைசியில் உள்ள ஒய் என்பது வேகக் குறியீடு. டி என்றால் மணிக்கு 190 கி.மீ., ஹெச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300.

தென்னாப்பிரிக்காவின் நெடுஞ்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 120 கி.மீ. அப்படியிருக்க 300 கி.மீ.-க்கான டயர் எதற்கு என்று கேட்பது நியாயமே. வேகக் குறியீட்டை வெப்பம் தாங்கும் திறனுக்கான சான்றாகப் பார்த்தால் விடை கிடைக்கும். ஏறத்தாழ 2 மீட்டர் சுற்றளவுள்ள இந்த டயர், 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பதினான்கு முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் ரப்பரும் உள்ளிருக்கும் நூலிழைகளும் ஒருமுறை நசுங்கி மீள்கின்றன. அந்த நசுங்கலில் வெப்பம் பிறக்கிறது. வேகம் கூடக் கூட வெப்பமும் கூடும். சக்கரத்தின் விளிம்பு வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். அதைத் தடுக்க உயர் வேக டயர்களில் எஃகுப் பட்டைகளின் மேல் நைலான் போன்ற இழைகளைச் சுற்றிக் கட்டுகிறார்கள். ஐந்து பேரும் ஒரு மாதத்துச் சாமான்களும் ஏறிய காரை டிசம்பர் மாத வெயிலில் ஜோஹன்னஸ்பர்க் வரை ஓட்டிச் செல்பவருக்கு இந்த உபரித் தாங்குதிறன் பயன்படும். ஆனால் அதற்காக மட்டும் ஒருவர் ஒய் டயர் வாங்க வேண்டியதில்லை. காரின் கையேட்டில் குறித்துள்ள எழுத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும்.

இனி, சாலையைத் தொடும் இடத்துக்கு வருவோம். அகலமான டயர் சாலையில் அதிகப் பரப்பைத் தொடுகிறது, அதனால்தான் பிடிப்பு அதிகம் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு சரியாக வராது. 1,400 கிலோ எடையுள்ள ஒரு காரின் ஒவ்வொரு சக்கரமும் சராசரியாக 350 கிலோவைச் சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயரில் 2.3 பார் அழுத்தத்தில் காற்று இருந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறத்தாழ 2.35 கிலோவைத் தாங்கும். 350-ஐ 2.35-ஆல் வகுத்தால் சுமார் 150 சதுர சென்டிமீட்டர் வருகிறது. அதாவது விரல்களைச் சேர்த்து விரித்த ஒரு கையின் அளவு. டயர் அகலமானாலும் குறுகியதானாலும், எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை இந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அதன் வடிவம்தான். அகல டயரில் அது பக்கவாட்டில் நீண்டும் முன்பின்னாகக் குறுகியும் இருக்கிறது. அதனால் ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் கார் தயங்காமல் திரும்புகிறது. வளைவில் ரப்பர் குறைவாகவே முறுக்கப்படுகிறது. ஓட்டும்போது கையில் உணரப்படும் அந்தத் துடிப்பான பதிலுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த வடிவமும் விறைப்பான பக்கச் சுவருமே.

பிடிப்பின் மறுபாதி ரப்பர் கலவையில் இருக்கிறது. தார்ச் சாலையின் மேற்பரப்பு கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் அதில் நிறைய கற்களின் முனைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. பிரேக் பிடிக்கும்போது ரப்பர் அந்த முனைகளைச் சுற்றி இறங்கி, நசுங்கி, மீண்டும் எழுகிறது. எழும்போது உடனே எழாமல் சற்றே தாமதித்தால், அந்தத் தாமதத்தில் ஆற்றல் இழப்பு ஏற்பட்டு அதுவே பிடிப்பாகிறது. தாமதமாக எழும் ரப்பர் நன்றாகப் பிடிக்கும்; ஆனால் அதே ரப்பர் ஒவ்வொரு சுழற்சியிலும் ஆற்றலை விழுங்குவதால் பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். கரிப்பொடி கலந்த பழைய ரப்பரில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. 1990-களின் தொடக்கத்தில் மிஷலின் நிறுவனம் கரிப்பொடியின் பெரும் பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்த்த கலவையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கல்முனைகளின் மேல் நொடிக்கு ஆயிரக்கணக்கில் நிகழும் விரைவான நசுங்கலில் தாமதித்தும், நொடிக்குப் பதினான்கு முறை வரும் மெதுவான நசுங்கலில் தாமதிக்காமலும் நடந்துகொள்ளும் ரப்பர் அதன் பிறகே சாத்தியமாயிற்று. இன்று நல்ல பெர்ஃபார்மன்ஸ் டயர்கள் ஈரச் சாலையில் சிறந்து விளங்குவதற்கு இதுவே அடிப்படை.

அந்த ஈரப் பிடிப்பு அன்றாட ஓட்டத்தில் எவ்வளவு வேறுபாட்டைத் தரும்? ஒரு சிறு கணக்கு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் இரண்டு கார்கள் ஒரே இடத்தில் பிரேக் அடிக்கின்றன. சாலைப் பிடிப்பின் அளவான உராய்வுக் கெழு ஒன்றின் டயருக்கு 0.9, மற்றதற்கு 0.7. முதல் கார் சுமார் 44 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது 56 மீட்டர் எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தில் இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 47 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு லாரியின் பின்பக்கம் இருந்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 60 கி.மீ. வேகத்தில் இதே கணக்கைப் போட்டாலும், முதல் கார் நின்ற இடத்தை இரண்டாவது கார் 28 கி.மீ. வேகத்தில் கடக்கும். பெர்ஃபார்மன்ஸ் டயர் பந்தயக்காரர்களுக்கானது, சாதாரண ஓட்டுநருக்கு அது ஆடம்பரம் என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். நல்ல ரப்பரின் பயன் முழுவதும் தெரிவது அக்டோபர் முதல் மார்ச் வரை மாலை வேளைகளில் இடியோடு கொட்டும் நம் கடற்கரை மழையில், ஹிகின்சன் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் மினிபஸ் டாக்ஸி சட்டென்று ஓரம் கட்டும்போதுதான். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் டயர்த் தூளும் நீரோடு கலந்து வழுக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் கூடும்.

ஆனால் ஈரம் வேறு, தேங்கிய நீர் வேறு. சாலையில் நீர் தேங்கி நிற்கும்போது ரப்பர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது சாலையைத் தொட்டால்தான் பயன். டயருக்கு முன்னால் இருக்கும் நீரை, சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டிகளான பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள் வெளியேற்றியாக வேண்டும்; முடியாதபோது டயர் நீரின் மேல் மிதந்துவிடும். அப்போது ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகவே போகும். அகல டயர் ஒரே நேரத்தில் தள்ள வேண்டிய நீர் அதிகம் என்பதால், தேய்ந்த அகல டயர் தேய்ந்த குறுகிய டயரைவிட விரைவில் மிதக்கும். 1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து ஒரு விதி கிடைத்தது: மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வடிகால் பள்ளங்கள் பயனற்றுப்போன டயருக்கு அந்த விதிப்படி கணக்கிட்டால், 2.3 பாரில் ஏறத்தாழ 96 கி.மீ. வேகத்திலும் 1.6 பாரில் 80 கி.மீ. வேகத்திலும் மிதப்பு தொடங்குகிறது. காருக்கு இது தோராயம்தான். ஆயினும் காற்றுக் குறைந்த டயர் மழையில் எவ்வளவு மோசம் என்பது இதிலிருந்து விளங்கும். லாரிகளின் பாரத்தால் சாலையில் விழுந்திருக்கும் நீளத் தடங்களில்தான் நீர் முதலில் நிற்கும். டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் டவுன் ஹில் பக்கம் மழையில் ஓட்டுபவர்கள் அந்தத் தடங்களிலிருந்து சற்றே விலகிச் சக்கரங்களை வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

இப்போது புகாரின் பக்கம் வருவோம். 2022 ஏப்ரலில் டர்பனையும் சுற்றுவட்டாரத்தையும் சூறையாடிய வெள்ளம் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததோடு சாலைகளையும் பாலங்களையும் அரித்துச் சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய அரசு குழிகளை அடைப்பதற்கென்று ‘வாலா சோங்கே’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. குழிகள் அடைபடுவதும் அடுத்த மழையில் திறப்பதும் நமக்குப் பழகிப்போன காட்சி. குழியின் நடுப்பகுதியால் டயருக்குப் பெரிய தீங்கில்லை. அதன் மறுகரை, அதாவது சக்கரம் ஏறி வெளியே வரவேண்டிய அந்தக் கூர்மையான தார் விளிம்புதான் எதிரி. அதில் மோதும்போது பக்கச் சுவர் முழுவதுமாக மடிந்து, ரிம்மின் உதட்டுக்கும் சாலை விளிம்புக்கும் இடையில் சிக்கி நசுங்குகிறது. 110 மி.மீ. உயரச் சுவருக்கு மடிய இடமிருக்கிறது, 80 மி.மீ. சுவருக்கு இல்லை.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு டயர்க் கடையில் அப்படி அடிபட்ட டயர் ஒன்றை ரிம்மிலிருந்து கழற்றியபோது அருகில் நின்று பார்க்க வாய்த்தது. வெளிப்புறச் சுவர் புதிதாகவே இருந்தது. காரின் அடிப்பக்கம் பார்த்திருந்த உட்புறச் சுவரில்தான் ஒரு கோழிமுட்டைப் பாதியளவுக்குப் புடைப்பு. கடைக்காரர் டயருக்குள் கையை விட்டுக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். புடைப்புக்கு நேர் உள்ளே, உள் ரப்பரில் நகக்குறி நீளத்துக்கு ஒரு கீறல். ரிம்மை எடுத்துச் சுழற்றியபோது அதே இடத்தில் அதன் உதடு இலேசாக உள்வாங்கியிருந்தது.

“அங்கிள், பஞ்சர் மாதிரி இதையும் ஒட்டித் தர முடியாதா?” என்று காருக்குச் சொந்தக்காரரான இளைஞர் கேட்டார்.

“முடியாதுப்பா. உள்ளே நூல் அறுந்துபோச்சு. ரப்பரை ஒட்டலாம், நூலை யார் கட்டறது?” என்றார் கடைக்காரர்.

நடந்தது இதுதான். பக்கச் சுவருக்குள் ரிம்மிலிருந்து ரிம்முக்கு ஓடும் பாலியெஸ்டர் அல்லது ரேயான் இழைகளே காற்றின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. நசுங்கலில் அவற்றுள் சில அறுந்தால் அந்த இடத்தில் ரப்பர் மட்டுமே மிஞ்சுகிறது. காற்று அதைத் தள்ளிப் புடைக்கச் செய்கிறது. புடைத்த டயர் சில நாள் ஓடவும் செய்யும். வேகமாகப் போகும்போது திடீரென்று வெடிக்கவும் செய்யும். எனவே புடைப்பைக் கண்டவுடன் அதை மாற்ற வேண்டும், பேச்சே இல்லை. பஞ்சர் ஒட்டுவது சாலையைத் தொடும் நடுப்பகுதிக்கு மட்டுமே உரியது. நடுப்பகுதி சுவரோடு சேரும் ஓரமான தோள்பட்டைக்கும் சுவருக்கும் பொருந்தாது.

ரன்-ஃப்ளாட் டயர்கள் இந்தக் கதையின் கிளை. பி.எம்.டபிள்யூ. கார்களில் பரவலாக வந்த இவற்றின் சுவர்கள் மிகத் தடித்தவை. காற்று முழுவதும் போனாலும் பொதுவாக 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் வரை ஓட்டலாம். இரவில் ஆள் அரவமற்ற சாலையோரத்தில் இறங்கி ஜாக்கி போட அஞ்சும் நம் நாட்டில் இது சிறிய நன்மையன்று. ஆனால் சுவர் வளைந்து கொடுக்காததால் குழியின் அடி முழுவதும் ரிம்முக்குப் போகிறது. டயர் தப்பித்து ரிம் விரிசல் விட்ட கதைகளை அடிக்கடி கேட்கலாம். மேலும் இந்தக் கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருப்பதில்லை. ஹாரிஸ்மித்துக்கு அப்பால் ஃப்ரீ ஸ்டேட் வெளிகளில் அடிபட்டால், சிறு ஊர்க் கடைகளில் அந்த அளவு கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. சாதாரண டயருக்கு மாறிக்கொண்டு, பூட்டில் மெல்லிய ஸ்டெப்னி ஒன்றை வைத்துக்கொள்பவர்களின் முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

இனி இக்கட்டுரையின் மையமான யோசனை. குழிகளுக்கு அஞ்சி மட்டமான டயருக்கு இறங்குவதைவிட, டயரின் தரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ரிம்மின் அளவைக் குறைப்பது நல்லது. கோல்ஃப் வகைக் காருக்குப் பொருந்தும் நான்கு அளவுகளை வரிசையாகப் பார்ப்போம். 235/35 ஆர்19-இல் பக்கச் சுவர் 82 மி.மீ.; 225/40 ஆர்18-இல் 90; 225/45 ஆர்17-இல் 101; 205/55 ஆர்16-இல் 113. சக்கரத்தின் மொத்த விட்டமோ முறையே 647, 637, 634, 632 மி.மீ. தான். ரிம் மூன்று அங்குலம் சுருங்கினாலும் சக்கரத்தின் வெளியளவில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் வேறுபடுகிறது. ஸ்பீடோமீட்டரில் அது பெரிய பிழையை உண்டாக்காது. 19-லிருந்து 17-க்கு இறங்கும் ஒருவர் குழியின் விளிம்புக்கும் தன் ரிம்முக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் கூடுதல் ரப்பரைப் பெறுகிறார். 17 அங்குல டயர் விலையிலும் குறைவு. அதே நிறுவனத்தின் அதே உயர் கலவை அந்த அளவிலும் கிடைக்கிறது. இழப்பு என்று பார்த்தால் ஸ்டியரிங்கின் துடிப்பில் ஒரு சிறு பங்கும், மண்டபத்து வாசலில் கிடைக்கும் பார்வைகளில் ஒரு பெரும் பங்கும். ரிம்மைச் சிறிதாக்கும்முன் காரின் பிரேக் கேலிப்பர் அதற்குள் அடங்குமா என்பதை மட்டும் கடையில் மாட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்; பெரிய பிரேக் உள்ள மாடல்களில் இடம் போதாமல் போகலாம்.

தேய்மானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நன்றாகப் பிடிக்கும் மென்மையான ரப்பர் விரைவில் தேயும். டயரின் பக்கத்தில் ட்ரெட்வேர் என்ற சொல்லுக்கு அருகில் ஓர் எண் இருக்கும். அமெரிக்க விதிப்படி அச்சிடப்படுவது அது. எண் பெரிதாக ஆக, தேய்வு குறைவு. மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயரில் அது 300; நெடுந்தூரக் குடும்ப டயர்களில் 400, 500 என்று போகும். ஒவ்வொரு நிறுவனமும் தன் டயரைத் தானே சோதித்துப் போடும் எண் என்பதால், வெவ்வேறு நிறுவனங்களை இதை வைத்து ஒப்பிடுவது பலனில்லை. 200-க்கும் கீழே உள்ள பந்தயத்தள டயர்களை அன்றாடச் சாலைக்குப் போடவே வேண்டாம். அவை சூடேறினால்தான் பிடிக்கும், நீரை வெளியேற்றப் பள்ளங்களும் குறைவு. இரைச்சலும் ஒரு பொருட்டுதான். கரடுமுரடான தார் போட்ட பகுதிகளில் குட்டைச் சுவர் டயர் எழுப்பும் ஓசையில் பின்னிருக்கையில் இருப்பவரோடு பேசவே முடியாது.

டர்பனில் ஆண்டு முழுவதும் பெர்ஃபார்மன்ஸ் டயர் ஓட்டத் தடையில்லை. இந்த வகைக் கலவைகள் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். நம் கடற்கரையில் குளிர்காலத்திலும் வெப்பம் அவ்வளவு இறங்குவது அரிது. ஆனால் என்3 வழியே ஏறினால் நிலைமை மாறும். வான் ரீனன் கணவாய் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது; ஜூன், ஜூலை அதிகாலைகளில் ஹாரிஸ்மித் பக்கம் உறைநிலைக்கும் கீழே போகும். 2024 செப்டம்பரில் பெய்த பனியால் அந்தச் சாலை மூடப்பட்டு ஏராளமான வாகனங்கள் சிக்கிக்கொண்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் கோடைக்கால ரப்பரை நம்பிக் கணவாயில் ஏறுவது அறிவீனம். பனியில்லாத குளிர் நாளில் முதல் சில கிலோமீட்டர்களை நிதானமாக ஓட்டி, டயர் சூடேறும்வரை இடைவெளியைக் கூட்டிக்கொண்டால் போதுமானது.

அதே பயணத்தில் காற்றழுத்தம் சுவாரசியமாக நடந்துகொள்ளும். டர்பனில் 28 டிகிரி வெப்பத்தில் 2.3 பார் வைத்துக்கொண்டு கிளம்புகிறோம் என்று கொள்வோம். 1,700 மீட்டருக்கும் மேல் உயரத்திலுள்ள ஜோஹன்னஸ்பர்கில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால், அங்கும் அதே வெப்பம் இருந்தால் அளவுமானி 2.5-ஐ நெருங்கிக் காட்டும். குளிர்கால விடியலில் அங்கே மைனஸ் 2 டிகிரி என்றால், டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி 2.15 அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு விளைவுகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் ஒன்றை மற்றொன்று ஓரளவு ஈடு செய்துவிடுகிறது. ஆகவே அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, காரை எடுக்கும்முன் ஒருமுறை பார்த்து கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்துகொண்டால் போதும். திரும்பி வந்த பிறகு மறுபடியும் ஒருமுறை. வழியில் பெட்ரோல் கராஜில் சூடான டயரைப் பார்த்து அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கச் சொல்லக் கூடாது. சூட்டில் ஏறும் அழுத்தம் டயரின் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்தது. நைட்ரஜன் நிரப்பச் சொல்லிக் காசு கேட்பவர்களுக்கு ஒரு சொல்: நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 விழுக்காடு அதுதான்.

வாங்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். தள்ளுபடி என்று சொல்லித் தரப்படும் டயர்களில் இதை முதலில் பாருங்கள். ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்தாண்டுகளில் பட்டன் இருந்தாலும் கழித்துவிட வேண்டும் என்பது பெரிய நிறுவனங்களின் பரிந்துரை. வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் கார்களில், தேய்வதற்குள் ரப்பர் இறுகிப்போவதே வழக்கம். பழைய டயரில் கத்தியால் பள்ளத்தை ஆழப்படுத்தி விற்பவர்களும் உண்டு. பள்ளத்தின் அடி மழமழப்பாக இல்லாமல் வெட்டுத் தடத்தோடு இருந்தால் தொடாதீர்கள். நம் நாட்டுச் சட்டம் குறைந்தது 1 மி.மீ. பட்டன் ஆழத்தைக் கேட்கிறது; தேய்வுக் குறிகள் உள்ள டயரில் ரப்பர் அந்தக் குறியின் மட்டத்தைத் தொட்டுவிட்டால் அதோடு சரி. அந்தக் குறிகள் வழக்கமாக 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும். மழைப் பிடிப்புக்காகக் காசு கொடுத்தவர் அதுவரை காத்திருப்பதில் பொருளில்லை, 3 மி.மீ. வந்ததும் மாற்றத் திட்டமிடலாம். விபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பவற்றில் டயரும் ஒன்று என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு டயர்கள் மட்டும் வாங்க முடிகிறது என்றால் புதியவற்றைப் பின்னால் போட வேண்டும். முன்சக்கர இழுவைக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். முன் சக்கரம் நீரில் மிதந்தால் கார் நேராக ஓடும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை விட்டுச் சமாளிக்க ஓரளவு வாய்ப்புண்டு. பின் சக்கரம் மிதந்தால் கார் சுழன்றுவிடும். அதைப் பிடித்து நிறுத்துவது பழகியவர்களுக்கே கடினம். ஒரே அச்சில் இரு வேறு மாடல் டயர்களைப் போடுவதும் தவறு.

கடைசியாக அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரியாக வைப்பது. காரைத் தாழ்த்திய பிறகு சக்கரத்தின் மேல்விளிம்பு உட்பக்கம் சாய்வதும், முன்விளிம்பு பக்கவாட்டில் விலகுவதும் இயல்பு. பெர்ஃபார்மன்ஸ் டயர் பாதி வாழ்நாளில் போய்விட்டது என்று வரும் புகார்களில் கணிசமானவை ரப்பரின் குற்றமே இல்லை. உட்தோள் மட்டும் கம்பி தெரியத் தேய்ந்து, வெளிப்பாதி புத்தம் புதிதாக இருக்கும். பட்டனின் மேல் உள்ளங்கையை உட்புறமிருந்து வெளிப்புறமாகவும் பிறகு எதிர்த்திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் கூராக உரசினால் சக்கரங்கள் நேராக ஓடவில்லை என்று பொருள். நல்ல அடி விழுந்த ஒவ்வொரு குழிக்குப் பிறகும் அலைன்மென்டைச் சோதிப்பது, ஒரு டயரின் விலையோடு ஒப்பிட்டால் மலிவு. முன் சக்கரங்களின் உட்தோளைப் பார்க்க ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி வைத்தால் போதும். பின் சக்கரங்களுக்கு அந்த வசதி இல்லாததால், கைபேசியின் விளக்கைப் போட்டு அதைத் தரையோடு தரையாக உள்ளே நீட்டிப் படம் எடுத்துப் பார்ப்பதுதான் சுலபம்.